பந்து வரையாத அட்டை

வெஸ் டகெட்டின் நீலத் தொப்பியை பெர்னிஸ் சிவப்பாக்கி முடித்தபோது, முதலாளி பிளாட்கின் கத்தரிக்கோலோடு வந்து நின்றார்.

"ஏமோஸ் தலையை எடுத்துடு. இந்தப் புது ஆளு தலையை ஒட்டு."

புது ஆளின் தலை ஏற்கெனவே வெட்டப்பட்டு ஓர் உறைக்குள் இருந்தது. பெயர் கிம்பிள். சிவப்பு அணிக்குப் பந்து பிடிப்பவன்.

பெர்னிஸ் தூரிகையைக் கழுவினாள்.

சூயிங்கம்மோடு சேர்த்து விற்கும் பேஸ்பால் அட்டைகளில் தொப்பி மாற்றுவதுதான் ஒன்பது வருடமாக அவள் வேலை. ஆட்டக்காரன் அணி மாறினால் அவனுடைய பழைய படத்தில் புதுத் தொப்பியை வரைவாள். புரூக்ளினில் அந்தத் தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில், சர்க்கரைத்தூள் வாசனைக்கு நடுவே, அறுநூறு தொப்பிகளாவது வரைந்திருப்பாள்.

இந்த ஓர் அட்டை மட்டும் அவளே யோசித்தது.

ஒரே அட்டையில் இரண்டு பேர் என்றால் அங்கே மூன்றே வழிதான். தோளில் கை போட்டு நிற்பார்கள். முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள், பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பி போல. அதுவும் இல்லையென்றால் இரண்டு வட்டத்துக்குள் இரண்டு தலை.

பெர்னிஸ் அட்டையைக் கிடைவாட்டில் திருப்பினாள். இடது ஓரத்தில் எறிந்து முடித்த வெஸ், விரல் நகங்கள் தெரியும்படி. வலது ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருக்கும் ஏமோஸ் பீல், சாப்பாட்டுத்தட்டு அளவுக் கையுறையோடு. நடுவில் வெறும் வானம்.

பந்தை அவள் வரையவில்லை.

வெஸ் நகங்களை ஊன்றி எறியும் பந்து சுழலாது. குடிகாரனைப் போலத் தள்ளாடி வரும். எங்கே இறங்கும் என்று அடிப்பவனுக்குத் தெரியாது. எறிந்தவனுக்கும் தெரியாது. ஏமோஸுக்கு மட்டும் எப்படியோ தெரியும். ஆறு வருடமாக அவன்தான் பிடித்தான்.

அந்த அட்டையை முதலில் பார்த்தபோது பிளாட்கின் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

செவ்வாய்க்கிழமை நீல அணி வெஸ்ஸைச் சிவப்பு அணிக்கு விற்றது. ஏமோஸை வைத்துக்கொண்டது.

இன்று வெள்ளி. அச்சகத்து வண்டி நான்கு மணிக்கு வரும்.

"ஏமோஸை எடுத்துட்டா இந்த அட்டையே செத்துடும் சார்."

"ரெண்டு பேருக்கும் ரெண்டு கலர்ல தொப்பி. அவன் எறிய, எதிரணிக்காரன் பிடிப்பானா? ஊரே சிரிக்கும்."

எழுத்து வரையும் லூவின் மேசையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. உள்ளூர் அணியின் ஆட்டம் தொடங்கப்போகிறது. எதிரே சிவப்பு அணி. எறிய வருவது வெஸ்.

"முதல்ல அந்த கிம்பிள் பிடிக்கட்டும் சார். பிடிச்சா ஒட்டுறேன்."

பிளாட்கின் கடிகாரத்தைப் பார்த்தார். கத்தரிக்கோலை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெஸ்ஸின் முதல் பந்தை உள்ளூர்க்காரனால் அடிக்க முடியவில்லை. கிம்பிள் பிடித்துவிட்டான்.

பெர்னிஸ் உறையிலிருந்து அந்தத் தலையை எடுத்தாள். நல்ல முகம்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏழாவது பந்து அவன் கால்களுக்கிடையே புகுந்து பின்சுவர் வரை போனது.

இரண்டாவது சுற்றில் ஒன்று கிம்பிளின் தோளில் பட்டது. அடுத்தது நடுவரின் முழங்காலில். அவன் பந்தைத் தேடி ஓடுவதற்குள் உள்ளூர் ஆட்டக்காரர்கள் மைதானத்தின் நான்கு மூலைகளையும் காலாற நடந்தே தொட்டு ஓட்டம் எடுத்தார்கள். தொழிற்சாலையின் கீழ்மாடியில் பொட்டலம் கட்டும் பெண்களின் கூச்சல் மாடிவரை கேட்டது.

நான்காவது சுற்றில் அறிவிப்பாளரே சிரித்துவிட்டார். "கிம்பிள் பட்டாம்பூச்சி பிடிக்கிறாருங்க! எறிஞ்ச வெஸ்ஸும் சிரிக்கிறாரு, பாவம், தொப்பியால மூஞ்சிய மறைச்சுக்கிட்டு!"

"கையுறையை அழிச்சுட்டு மீன் வலை வரைஞ்சுடு பெர்னிஸ்," என்றார் லூ, வாய் நிறைய ரொட்டியோடு.

உள்ளூர் அணிக்கு ஐந்தாவது ஓட்டம் கிடைத்தபோது பிளாட்கின் மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். பிறகு தான் முதலாளி என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார். சுருட்டு தரையில் கிடந்தது.

மூன்றே முக்கால்.

தெருவில் அச்சகத்து வண்டியின் ஒலிப்பான் கேட்டது. லூ வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

"அங்க பாருங்க! சிவப்பு அணி முதலாளி சீட்டை விட்டு எழுந்துட்டாரு. ஆட்டம் பாதிதான் ஆகியிருக்கு. அணிகள் ஆள் வாங்கறதுக்கு இன்னைக்கு ராத்திரியோட கெடு முடியுது, தெரியும்ல? படியேறிப் போறாரு... போன் இருக்கிற ரூமுக்குத்தான் போறாரு!"

யாருக்குப் போன் என்று அறிவிப்பாளர் சொல்லவில்லை. பின்சுவரில் இன்னொரு பந்து மோதும் சத்தம் கேட்டது.

பெர்னிஸ் கிம்பிளின் தலையைக் கசங்காமல் உறைக்குள் வைத்தாள். தூரிகையைச் சிவப்பில் தோய்த்து, ஏமோஸ் பீலின் தொப்பிமேல் வைத்தாள்.

சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏய், இன்னும் யாரும் எதுவும் சொல்லலையே," என்றார் பிளாட்கின்.

சொல்லிக்கொண்டே மேசைவிளக்கை அவள் பக்கம் திருப்பினார்.