மருமகளுக்குப் பதிலாக

“அவளை என்னத்துக்குக் கேக்குறீங்க? அது வாயில்லாப் பூச்சி. என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்” என்றாள் மாமியார், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

ஆலோசகருக்குச் சுரீர் என்றது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறையை ஒட்டியிருந்தது அவளுடைய அறை. வீட்டில் அடிபட்டு வரும் பெண்களிடம் பேசுவதுதான் அவளுக்கு வேலை. எலும்பு டாக்டர் இந்தப் பெண்ணின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, “விழுந்து உடைஞ்ச கை மாதிரி தெரியல. கொஞ்சம் பேசிப் பாருங்க” என்று அனுப்பியிருந்தார்.

மேசைமேல் இருபது கேள்விகள் அச்சடித்த படிவம் இருந்தது. கழுத்தை நெரித்தானா? கொன்றுவிடுவேன் என்றானா? வெளியே போகவிடாமல் பூட்டி வைத்தானா? பதினான்குக்கு மேல் ‘ஆம்’ விழுந்தால் பெண்ணை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு ஃபோன் செய்தால் போதும், காப்பகத்திலிருந்து வண்டி வந்துவிடும். விழாவிட்டால், வந்த வழியே அனுப்பி வைக்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும். கூட வந்தவர்கள் கண்ணில் அந்தப் படிவம் படவே கூடாது.

“அம்மா, நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வெளியில உக்காருங்களேன்.”

“எதுக்கு? நான் இல்லாதப்ப அப்படி என்ன பேசப் போறீங்க? என் பையன் வாசல்ல கார்ல உக்காந்திருக்கான். ‘அவளை விட்டு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நகராதே’ன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கான்.”

“மருந்துச் சீட்டு வாங்கணுமே...”

“உங்க ஆஸ்பத்திரியில வேற ஆளே இல்லையா? நான்தான் ஓடணுமா?”

நகரவில்லை. பசை போட்டு ஒட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மருமகள் தரையைப் பார்த்தபடி, நல்ல கையால் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். அப்படியும் ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது தெரிந்தது.

“கை எப்படிம்மா உடைஞ்சுது?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா” என்றாள் மாமியார்.

“நான் அவங்களைக் கேட்டேன்.”

“அவளும் அதையேதான் சொல்லப்போறா. சொல்லேன்டி!”

“வழுக்கி விழுந்துட்டேன்” என்றது தரையைப் பார்த்த முகம்.

“கேட்டுக்கிட்டீங்களா? என் பையன் தங்கம். தான் உண்டு, தன் வேலை உண்டுன்னு இருக்கிறவன். இவளுக்குத்தான் நேரா நடக்கத் தெரியாது.”

மாமியாரின் குரல் மாடிவரை கேட்டிருக்கும். இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்தாகிவிட்டது! பிள்ளை அடிப்பான், பெற்றவள் கதவைச் சாத்திக்கொடுப்பாள். முதலில் இவளைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று ஆலோசகர் பல்லைக் கடித்தாள்.

“சீக்கிரம் ஆகட்டும். இன்னும் பத்து நிமிஷத்துல வெளிய வரலைன்னா அவனே உள்ள வந்துருவான்” என்ற மாமியார், சட்டென்று கையை நீட்டிப் படிவத்தை இழுத்துக்கொண்டாள்.

“அம்மா! அதை நீங்க தொடக் கூடாது. குடுங்க இப்படி!”

“நானே எழுதித் தர்றேன். உங்களுக்கும் வேலை மிச்சம்.”

பேனாவையும் எடுத்துக்கொண்டாயிற்று. ஆலோசகர் எழுந்து மேசையைச் சுற்றி வருவதற்குள் அந்தம்மாள் விறுவிறுவென்று டிக் போட ஆரம்பித்துவிட்டாள். வாயும் ஓயவில்லை.

“சண்டையா? எங்க வீட்டுல சத்தமே வெளிய கேக்காது... அடியா? இதுவரைக்கும் கை ஓங்கினதில்லை... பூட்டி வைக்கிறதா? நல்லாயிருக்கே கதை!”

மாமியாரே பரீட்சை எழுதினால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. போச்சு. இந்தப் பெண் அந்தக் கழுத்தோடு அதே வீட்டுக்குத் திரும்பப் போகிறாள். ஆலோசகருக்கு அழுகையே வந்துவிட்டது.

“இந்தாங்க, பத்திரமா வெச்சுக்குங்க.”

கிழித்துப் போடத்தான் ஆலோசகர் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

இருபது கேள்விக்கும் ‘ஆம்’.

கீழே கோணல் எழுத்தில் இருந்தது: ‘பையில் என் ஃபோன் ஆனில் இருக்கிறது. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு வீட்டுக்கு வந்தால் இவள் உயிரோடு இருக்க மாட்டாள். வேறு வழியாக அனுப்பிவிடுங்கள்.’

நிரப்பியவர் என்ற இடத்தில், ‘அவனைப் பெற்றவள்’.

ஆலோசகர் நிமிர்ந்தாள். மாமியாரின் கன்னமெல்லாம் ஈரம். குரலில் மட்டும் ஒரு பிசிறுகூட இல்லை.

“என்ன அப்படிப் பாக்குறீங்க? ஒண்ணுமில்லைன்னு அப்பவே சொன்னேன்ல?”

“சரிங்கம்மா... ஒரு தடவை படிச்சுப் பாத்துடறேன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே, ‘நீங்களும் வாருங்கள்’ என்று ஓரத்தில் எழுதிக் காட்டினாள் ஆலோசகர்.

மாமியார் அதன் கீழேயே எழுதினாள்: ‘என் குரல் நின்றால் உள்ளே வந்துவிடுவான்.’

படிவத்தைப் படித்த மருமகளின் உதடுகள் ‘அத்தை’ என்று அசைந்தன. சத்தம் வரவில்லை. போ, போ என்று கையால் விரட்டினாள் மாமியார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்குள் புகுந்து பின்வாசலுக்கு வந்தார்கள். காப்பகத்து வண்டி வரும்வரை பெண்ணை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் காவலாளிகள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஆலோசகர் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தாள்.

“நிமிர்ந்து உக்காருடி! மேடம் கேக்குறாங்கல்ல, வாயைத் திறந்து பதில் சொல்லு!”

காலி நாற்காலியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள் மாமியார்.