தலைவருக்கு வைத்த அளவு

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தலைவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். ஒலிபெருக்கியின் மிக்சர் பெட்டியில் ஒலியைக் கூட்டும் கெயின் திருகு விழுந்தடித்துக்கொண்டு உச்சிக்கு ஏறியது. பக்கத்தில் இருந்த, கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் திருகும் கூடவே ஏறியது. மைக்குக்குக் காது அடைத்தது, பொறுத்துக்கொண்டது.

அடுத்து வந்த செண்பகவல்லி, ஒன்பது நாளாகக் குழாயில் தண்ணீர் வராததைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மைக் வீலென்று அலறியது.

“ஏம்மா இப்படிக் கத்துறீங்க?” என்றது கூட்டம்.

மைக்குக்குத் திருகுகள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. “அடப்பாவிகளா! அவருக்காக ஏறத் தெரிஞ்ச உங்களுக்கு இவங்களுக்காக இறங்கத் தெரியாதா?”

“அவங்க குரலே கீச்சுக்குரல்” என்றது ட்ரெபிள்.

“தலைவர் நன்றி சொல்ல மறுபடி வருவாரே! அதுவரைக்கும் இந்தம்மா தள்ளி நிக்கட்டும்” என்றது கெயின்.

மைக் மறுபடி வாய் திறப்பதற்குள், “மன்னிச்சிடுங்க” என்று செண்பகவல்லி இரண்டடி பின்னால் போய்விட்டார்.