சீல் பிரிக்காத ரேம்

“கையை மேசை மேலேயே வைங்கம்மா. கீழ கொண்டுபோகாதீங்க!”

கம்ப்யூட்டர் அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. கடை திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ‘கம்ப்யூட்டர் அக்கா’ என்பது தெரு வைத்த பெயர். பெயர் வைப்பதில் காட்டிய சுறுசுறுப்பை வேலை கொடுப்பதில் தெரு இன்னும் காட்டவில்லை.

“ஸ்க்ரூடிரைவர் டிராயர்ல இருக்கு சார். அதில்லாம பெட்டியைப் பல்லாலயா திறக்கறது?”

“எடுங்க. காட்டிட்டு எடுங்க.”

காட்டினாள். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்திருந்தார். மகளுடையதாம். கட்டடக்கலை கடைசி வருடம். சாயங்காலம் ஆறு மணிக்குள் வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். படத்தைத் திறந்தாலே பெட்டி உறைந்துபோகிறது. கூடுதலாக ஒரு ரேம் போட்டால் ஓடும். ஓடாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் பாழ்.

அக்கா அலமாரியிலிருந்து ரேமை எடுத்தாள். அவர் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“சீலைப் பிரிச்சு மறுபடி ஒட்டினதில்லையே?”

“புதுசு சார்.”

“பழசைப் பென்சில் ரப்பரால தேய்ச்சாலும் இப்படித்தான் பளபளன்னு மின்னும்.”

“ஐயோ சார்…”

“மேல எட்டு ஜிபின்னு ஸ்டிக்கர் இருக்கும். உள்ள நாலுதான் இருக்கும்.”

“ஆன் பண்ணா தெரிஞ்சுடுமே?”

“எத்தனை பேரும்மா பார்க்கறாங்க?”

அக்காவுக்கு இப்போது அவர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. யார் இந்த மனுஷன்? புகார் எழுத வந்த அதிகாரியா? சண்டை போட்டு ஓசியில் வேலையை முடித்துக்கொள்கிற ரகமா?

மூடியைக் கழற்றினாள். அவர் தலை அவள் தலைக்கு முன்னால் பெட்டிக்குள் போனது.

“உள்ள இருக்கற ரேமைத் தொடாதீங்க! நல்லதை உருவிட்டு மட்டமானதைச் சொருகிடுவாங்க. கஸ்டமர் டீ குடிக்கப் போற நேரம் போதும்.”

“உங்களை எவனோ நல்லா மொட்டையடிச்சிருக்கான், பாவம். டீ சொல்லட்டுமா சார்?”

“வேணாம்!” என்று அலறினார்.

காலி இடத்தில் புது ரேமை வைத்து அழுத்தினாள். டக். பெட்டி உயிர் பெற்றது. திரையில் வந்த எண்ணை அவர் விரல் வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு மகளின் வரைபடத்தைத் தானே திறந்தார். மாடி, படி, ஜன்னல் என்று முழுக் கட்டடமும் தடங்கலில்லாமல் சுழன்றது. அப்போதுதான் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி நாலரை.

“பில்லுல கடை சீலை நல்லா அழுத்திக் குத்துங்கம்மா. பொண்ணு கேட்பா.”

“அவளும் உங்களை மாதிரிதானா? யாரையும் நம்ப மாட்டாளா?”

“சேச்சே, அவ ஊரையே நம்புவா.” பெட்டியை மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “பாலத்துக்கு அந்தப் பக்கம் இருபது வருஷமா நானும் கம்ப்யூட்டர் கடைதாம்மா வச்சிருக்கேன். ‘எங்க வேணா போய்ப் போட்டுட்டு வாங்கப்பா, நம்ம கடையில மட்டும் வேணாம்’னுட்டா.”