பதினாறு தாள் வானம்

"முதல்ல தாளை நனைங்க. ஈரம் காயறதுக்குள்ள நீலத்தைத் தொட்டு வைங்க, தானா பரவும். மேகம் வேணும்னா அந்த இடத்தைப் பஞ்சால ஒத்தி எடுங்க."

வாட்டர்கலர் மாஸ்டர் முதல் நாள் நடத்திய இந்தப் பாடத்தை வகுப்பில் சேர்ந்திருந்த வங்கிக்காரம்மா ஒருவர் மூன்று மாதமாகியும் விடவில்லை. மற்றவர்கள் பூ, படகு என்று போய்விட்டார்கள்.

"இன்னுமா வானம்? ஒரு மரமாவது போடக்கூடாதாம்மா?"

"எனக்கு வானம் வந்தா போதும் சார்."

இவருக்குப் படம் வராது என்று மாஸ்டர் கைகழுவிவிட்டார்.

கடைசி வகுப்பன்று அந்த அம்மா தேறிய வானங்களாகப் பதினாறு தாளைப் பொறுக்கிச் சுருட்டினார். "இதை ஒட்ட ஒரு கை கொடுக்கிறீங்களா சார்?" என்று வீட்டுக்கு அழைத்துப்போனார்.

உள்ளறையில் அவருடைய மாமியார் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை.

"நான் வேலைக்குப் போகணும்னு என் ரெண்டு பிள்ளைங்களையும் தோள்ல போட்டு வளர்த்தவங்க சார். இப்ப வெறும் கூரையைப் பார்த்துட்டுக் கிடக்கிறாங்க."

மாஸ்டர் தாள்களோடு ஏணியில் ஏறினார். கட்டிலுக்கு நேர் மேலே நீலம் விரிந்தது.

மாமியார் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு மருமகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டு குறும்பாகக் கேட்டார்:

"மேகம் கூடுதேடி, கொடியில துணி கிடக்கா?"

"எடுத்துட்டேன் அத்தை" என்றார் மருமகள், அழுகையும் சிரிப்புமாக.