ஆடி அடங்கிய லேப்டாப்

வீட்டிலிருந்தபடியே ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்தித் தருபவர் அவர். ஒரு வாரத்துக்கும் மேலாக அவருடைய லினக்ஸ் லேப்டாப் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பார்க்கப் பொறுக்காமல் மனைவி தன் தம்பியை வரவழைத்துவிட்டாள்.

"என்ன மாமா இது? விண்டோவை இழுத்தா ஜெல்லி மாதிரி ஆடுது, மூடினா ஸ்கிரீன்ல தீப்பிடிச்சு எரியற மாதிரி காட்டுது! இருக்கிற மெமரியெல்லாம் இந்த அலங்கார எஃபெக்டே தின்னுடுதே. யாரு போட்டது?"

"தெரியல மச்சான். அப்டேட்ல தானா வந்திருக்கும்."

"எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"வேணாம், விடு. ஏதாவது ஆயிடப் போவுது."

"ஒண்ணும் ஆகாதுங்க," என்றாள் மனைவி. "நீங்க படற பாடு எனக்கில்ல தெரியும்!"

அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மைத்துனன் ஒவ்வொன்றாக அணைத்தான். சொடக்குப் போடும் நேரத்தில் ஃபைல் திறந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பதிப்பக மேனேஜர். கணவரின் கை எட்டுவதற்குள் மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சரியாயிடுச்சு சார்! இப்ப பறக்குது!"

"நல்லதாப் போச்சும்மா. பத்து நாள் முன்னாடி ஒருத்தர் வேலையை விட்டுப் போனாரே, அவரோட ஆறு புத்தகத்தையும் இப்பவே உங்க வீட்டுக்காரர் பேருக்கு மாத்திடறேன். லேப்டாப் சரியாகட்டும்னுதான் காத்திருந்தேன்."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அந்த ஆள் வேலையை விட்ட மறுநாள், ஜெல்லியையும் தீயையும் தேடிப் பிடித்துப் போட்டு வைக்க, இவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகத் தேவைப்பட்டிருந்தது.