கேட்காமல் அணையும் கம்ப்யூட்டர்

"நம்மளக் கேக்காமலே கம்ப்யூட்டர் ஏன் அணைஞ்சு எழுந்திருக்குது?" என்று அந்த அலுவலகத்தில் பல வருடங்களுக்கு முன் ஒரு குழந்தை கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர் மட்டும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பொறுமையாக விளக்கினார்.

அந்தப் பொறுமை இப்போது அவரிடம் இல்லை.

"அப்டேட் போட வந்தியா, கழுத்தறுக்க வந்தியா?" என்று கம்ப்யூட்டர் பார்க்க வந்த பெண்ணிடம் எரிந்து விழுந்தார். "சாயங்காலம் இந்த வரைபடம் போகலேன்னா என் வேலை போயிடும்."

"சார், முடிஞ்சதும் தானா ரீஸ்டார்ட் ஆயிடும். சேவ் பண்ணிடுங்க."

"எனக்கே பாடமா? போம்மா, உன் வித்தையை வேற எங்கயாவது காட்டு."

சேவ் செய்யாமலே சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது மற்ற கம்ப்யூட்டர்களெல்லாம் அணைந்து எழுந்திருந்தன. அவருடையதில் மட்டும் வரைபடம் அப்படியே இருந்தது.

"பாத்தியா? மிஷினுக்குக்கூட என்கிட்ட பயம். உனக்குத்தான் ஒரு எழவும் தெரியல!"

"ஆமா சார்" என்று அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆளில்லாத அறையில் அவருடைய ரீஸ்டார்ட்டைத் தள்ளிவைத்தவள் அவள்தான். அதை அவளுக்குச் சொல்லித் தந்தவர் அவரே. அவள் அம்மா அந்த அலுவலகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்தில் நாற்காலி போட்டு.