விழுகிற பல்லுக்கு ஒரு குலை

"பத்தாயிரம்!"

சர்ச்சில் ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கைப் பொருட்களின் ஏலத்துக்குக் கூடியிருந்த சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரே ஒரு மட்டி வாழைப்பழக்குலைக்குப் பத்தாயிரம் கேட்டவர் ஞானையன். அவர் சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பையைத்தான் ரசலையனும் பார்த்தார். பள்ளிக்கூட வாசலில் மிட்டாய்க்கடை, சபையில் கமிட்டித் தலைவர். இரண்டு இடத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஏலத்தில், ஒரு சேவலுக்கு மேற்கொண்டு கேட்க முடியாமல் நின்ற ஞானையனைப் பார்த்து, "பைசா இல்லாதவன் எல்லாம் ஏலத்துக்கு என்னத்துக்கு வாறான்?" என்று ஊரே சிரிக்கக் கேட்டவர்.

அன்றைக்குக் கீரிப்பாறைப் பக்கம் போன ஞானையன் இன்றைக்குத்தான் ஊருக்குள் கால் வைக்கிறார். மகன் குவைத்தில் பெரிய வேலையில் இருப்பதாக இரண்டு வாரமாக ஊரில் ஒரு பேச்சு.

"பன்னிரண்டாயிரம்!" என்றார் ரசலையன். விடுவாரா?

குலை, பிரீனா வீட்டுக் குலை. அவள் மகள் ஸ்மைலினுக்கு ஆறு வயது. சொத்தை விழுந்து நான்கு பற்களைப் பிடுங்கியாகிவிட்டது. கன்னம் வீங்கி, கஞ்சி கூடக் குடிக்க முடியாமல் பிள்ளை அழுத அழுகையை நினைத்தால் பிரீனாவுக்கு இப்போதும் வயிறு எரியும்.

சபைப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் நூற்றிருபது பிள்ளைகள். பாதிப் பேருக்குச் சொத்தை. பல் டாக்டரை வருடத்துக்கு இரண்டு தடவை வரவழைத்து, பல்லில் மருந்து பூசவும் குழி விழுந்ததை அடைக்கவும் அறுபதாயிரம் ஆகும். இரண்டு வாரத்துக்கு முன்னால் பிரீனா பத்துப் பதினைந்து அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு கமிட்டியில் போய்க் கேட்டாள்.

"பால் பல்லு தானேட்டி, விழத்தான் போவுது. விழுத பல்லுக்கு என்னத்துக்குப் பைசா?" என்று சிரித்தார் ரசலையன். "உனக்க வீட்டுல வாழை குலைச்சு நிக்கில்லா? அதைக் கொண்டுவந்து ஏலத்துல விடு. வாறது எல்லாம் உனக்க பல்லு ஃபண்டுக்கு எடுத்துக்கோ."

வேடிக்கைக்கு அதைத் தீர்மானமாகவே எழுத வைத்தார். மட்டிக்குலை என்ன போய்விடும்? மிஞ்சினால் ஐநூறு. பிரீனா அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டாள். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்கேயோ பஸ் ஏறிப் போய்வந்தாள்.

"முப்பதாயிரம்!" ஏலப் பந்தலில் ரசலையன் கத்தினார்.

"நாப்பது!"

ஏலம் விட்ட ஜெப்சனுக்கு நாக்கு குழறியது. வெயில் வேறு கொளுத்தியது. ஞானையன் வேட்டி நுனியைத் தூக்கி முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பையில் மட்டும் கை வைக்கவில்லை.

"அம்பது!" ரசலையன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்பத்தொம்பது!"

ரசலையன் குலையையும் ஞானையனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்பத்தொம்பதாயிரம்... ஒரு தரம்!" என்றான் ஜெப்சன். பிரீனாவின் கை மகளின் தோளை இறுக்கியது. "ரெண்டு தரம்!"

"வலிக்குதும்மா" என்றாள் ஸ்மைலின்.

ஞானையன் மெதுவாக ரசலையன் பக்கம் திரும்பினார். "என்னவோய், பேச்சைக் காணல்ல? பைசா இல்லாதவன் எல்லாம் ஏலத்துக்கு என்னத்துக்கு வாறான்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரசலையனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"அறுபது! அறுபதாயிரம்! எவன்லே அதுக்கு மேல கேக்கான்?"

ஞானையன் இரண்டு கையையும் கூப்பினார். "நீரே எடும்வோய்."

மூன்று தரமும் சொல்லி முடிந்தது. பைசா இல்லாதவன் என்று பிறகு எவனும் தன்னைச் சொல்லிவிடக் கூடாதே! ரசலையன் செல்போனை எடுத்து, எல்லாரும் பார்க்க அங்கேயே பணத்தை அனுப்பினார்.

"பல்லு ஃபண்டுக்கு அறுபதாயிரம் ஏறியாச்சு!" என்று ஜெப்சன் மைக்கில் கத்தினான். அம்மாக்கள் கை தட்டின தட்டில் பந்தலே அதிர்ந்தது.

"பல்லுக்குப் போனா போவட்டு. ஞானையனுக்க வாயை அடச்சாச்சில்லா, எனக்கு அது போரும்!" என்ற ரசலையன், குலையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஞானையனுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

ஞானையன் அப்போதுதான் சட்டைப் பைக்குள் கை விட்டார். பந்தாகச் சுருட்டி வைத்திருந்த பழைய லேஞ்சித் துணியை வெளியே எடுத்து உதறி, முகம், கழுத்து எல்லாம் சாவகாசமாகத் துடைத்தார். பை தட்டையாகி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

"பிரீனா மக்கா, திரும்பிப் போவ பஸ்ஸுக்கு ஒரு முப்பது ரூவா தருவியா?"